"நான் எதப் பாக்கணும் டீச்சர்?" – காது கேளாத ஒரு சிறுமி சேர்ந்த பாட்டு வகுப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிறு ஊர். பிள்ளையார் கோயிலை ஒட்டிய பொதுக்கூடத்தில் சனி, ஞாயிறு மாலைகளில் பாட்டு வகுப்பு நடத்துகிறேன், 15 வருடமாக. 2022 ஜூனில் 11 பிள்ளைகள் இருந்தார்கள், 8 வயதிலிருந்து 13 வரை, சரளி வரிசை என்ற முதல் பாடத்தில் இருப்பவர்களும், அதற்கு மேல்நிலைப் பாடமான அலங்காரம் முடித்தவர்களும் கலந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் மிருதங்க ஆசிரியர் ஒருவர் வந்து கூட வாசிப்பார், பிள்ளைகளுக்குத் தாளம் கையில் நிற்கட்டும் என்று. அவரை இனி சார் என்றே எழுதுகிறேன்.

என்னிடம் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் தங்கையை அந்த ஜூனில் அவர்கள் அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். "அவ பாடணும்னு இல்ல டீச்சர். அக்கா கூட வந்து உக்காந்திருந்தா போதும், வீட்ல விட்டுட்டு வந்தா அழறா" என்றார். சிறுமிக்கு 9 வயது. பிறவியிலிருந்தே இரண்டு காதும் கேட்காது. 3 வயதில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வலது காதில் காக்ளியர் இம்ப்ளான்ட் (ஒலியை மின்துடிப்பாக மாற்றி நேராகக் கேட்கும் நரம்புக்கு அனுப்பும் கருவி) வைத்திருக்கிறார்கள். எதிரே நின்று முகம் தெரியப் பேசினால் புரிந்துகொண்டு பதில் சொல்வாள். சாதாரணப் பள்ளியில் நான்காம் வகுப்பு.

பெற்றோரிடமும் அவளிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை விட்டுவிட்டேன். என்னைப் போலவே நல்ல எண்ணத்தோடு தொடங்கி, தவறான இடத்தில் தொடங்கிவிட்ட வேறு ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் ஆறு வாரம்: சுவர் நிறையப் படங்கள்

அம்மா கேட்டது உட்கார ஓர் இடம். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. வகுப்புக்கு வந்த பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது, மற்றவர்களைப் போலப் பாட வேண்டும், காது குறைவாகக் கேட்டால் கண்ணுக்குக் கொடுப்போம் என்று முடிவு செய்தேன். யோசிக்க நான் எடுத்துக்கொண்டது ஒரே வாரம்.

ஏழு ஸ்வரங்களுக்கு வானவில்லின் ஏழு நிறம் கொடுத்து ஒரு பெரிய படம் வரைந்து மாட்டினேன். ச சிவப்பு, ரி ஆரஞ்சு, க மஞ்சள் என்று ஏணிப்படி மாதிரி ஏறும். அப்புறம் கைச் சைகை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் என்பவர் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கை வடிவம் வகுத்தார், பின்னால் ஹங்கேரியில் கொடாய் என்ற இசையமைப்பாளரின் வழி வந்தவர்கள் அதைப் பள்ளிகளில் பரப்பினார்கள். அதை நம் ச ரி க மவுக்குப் பொருத்திப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவதாக, பாடும்போது குரல் மேலே போகிறதா கீழே போகிறதா என்று கோடாகக் காட்டும் ஒரு செயலியைப் போனில் போட்டு அவள் முன்னால் வைத்தேன்.

மற்ற பிள்ளைகளுக்குப் படங்கள் பிடித்திருந்தன. வந்து பார்த்த பெற்றோர்களும் பாராட்டினார்கள்.

கவனித்தது

வகுப்பு முடிந்ததும் இரண்டு வரி நோட்டில் எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த ஆறு வாரப் பக்கங்களைப் பிறகு சேர்த்துப் படித்தபோது, ஒரே விஷயம் வேறு வேறு வார்த்தையில் திரும்பத் திரும்ப வந்திருந்தது: "அரை எண்ணிக்கை பின்னால் வருகிறாள்", "அக்காவைப் பார்த்துச் செய்கிறாள்", "படத்தைக் காட்டினால் நான் சொன்னதை விட்டுவிடுகிறாள்". மூன்றாவது வாரத்துக்கு மேல் "சோர்வு" என்ற சொல் அடிக்கடி வருகிறது. 40 நிமிடத்துக்குள் கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிடுவாள்.

ஆறாவது வாரம் சனிக்கிழமை. சரளி வரிசை முதல் வரிசை. நான் வலது கையால் தொடையில் ஆதி தாளம் (எட்டு எண்ணிக்கைத் தாளம்) போட்டுக்கொண்டு, இடது கையால் ஸ்வரச் சைகை காட்டிக்கொண்டு, வாயால் பாடிக்கொண்டிருக்கிறேன். சுவரில் வண்ணப் படம் இருக்கிறது, தரையில் போன் கோடு காட்டுகிறது. அவள் என் வாயைப் பார்க்கிறாள், தொடையைப் பார்க்கிறாள், சுவரைப் பார்க்கிறாள், போனைக் குனிந்து பார்க்கிறாள், மறுபடி என் வாயைப் பார்ப்பதற்குள் நாங்கள் இறங்கு வரிசைக்கு வந்துவிட்டோம். அவள் அழவில்லை. கையைத் தூக்கிக் கேட்டாள்: "நான் எதப் பாக்கணும் டீச்சர்?"

அந்தக் கேள்வியை அன்றிரவு நோட்டில் அப்படியே எழுதி வைத்தேன். கேட்கும் பிள்ளை ஒருத்தி படத்தைப் பார்க்கும்போதும் என் குரல் அவள் காதுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். இவளுக்கோ என் பேச்சில் பாதி உதட்டிலிருந்து கண் வழியாக வருகிறது. அவள் கண் ஏற்கெனவே காதின் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது, நான் அதன் மேல் இன்னும் மூன்று வேலையை ஏற்றியிருந்தேன்.

இன்னொன்றும் நோட்டில் இருந்தது, வேறொரு பிள்ளையைப் பற்றி. 10 வயதுப் பையன் ஒருவன், காது நல்ல காது, ஒரு வருடமாகப் பிசகில்லாமல் பாடிக்கொண்டிருந்தவன், வண்ணப் படம் மாட்டிய பிறகு தடுமாற ஆரம்பித்தான். படத்தைக் குச்சியால் தொட்டுக் காட்டச் சொன்னால் ரி இருக்கும் இடத்தில் மவைத் தொடுவான், தவும் நியும் அவனுக்கு ஒன்றாகவே இருந்தன. விளையாடுகிறான் என்று இரண்டு தடவை கோபித்துக்கொண்டேன். கண் மருத்துவரிடம் புள்ளிப் படங்களைக் காட்டிப் பார்த்ததில் அவனுக்குச் சிவப்பு-பச்சை நிறப் பேதம் சரியாகத் தெரியாது என்று தெரிந்தது. ஆண் பிள்ளைகளிடம் இது பரவலாக இருப்பதுதான். ஆரஞ்சும் பச்சையும் அவனுக்கு ஒரே குடும்பம், நீலமும் ஊதாவும் அப்படித்தான். ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள மாட்டிய படம் இன்னொரு பிள்ளையை வெளியே தள்ளியிருந்தது. அவன் அம்மாவிடமும் அவனிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

ஆடியாலஜிஸ்டிடம் கேட்டது

ஜூலை கடைசியில் அவளுடைய கருவியை மேப்பிங் செய்ய, அதாவது அவள் காதுக்கு ஏற்றபடி சரிசெய்ய, அம்மா நகரத்துக்குப் போனபோது நானும் கூடப் போனேன். ஜூன் முதல் வாரமே போயிருக்க வேண்டும்.

ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறன் நிபுணர், அரை மணி நேரம் பொறுமையாகச் சொன்னார். நல்ல காதின் உள்ளே நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் உறுப்பில் ஒலியை நரம்புக்கு அனுப்பும் உள்வரிசைச் செல்கள் 3,500 அளவுக்கு இருக்கும், இம்ப்ளான்டில் அந்த வேலையைச் செய்யும் மின்முனைகள் வகையைப் பொறுத்து 12 முதல் 22 வரைதான். பேச்சைப் புரிந்துகொள்ள அது போதும். தாளத்தைப் பிடிக்கத் தாராளமாகப் போதும், லயத்தில் இம்ப்ளான்ட் வைத்த பிள்ளைகள் மற்றவர்களுக்கு ஏறக்குறையச் சமமாகவே வருவார்கள். ஆனால் ரிக்கும் கவுக்கும் உள்ள தூரத்தைப் பிரித்துக் கேட்பது மிகவும் கஷ்டம். ஆறு வாரம் நான் எதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேனோ, அதுதான் அவளுக்கு இருப்பதிலேயே கடினமான இடம்.

அடுத்து அவர் சொன்னது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கருவிகளில் பலவற்றில் ஒரே சீராக வரும் சத்தத்தை இரைச்சல் என்று எண்ணித் தணிக்கும் ஏற்பாடு இருக்கிறது. மின்விசிறிச் சத்தம், மோட்டார் சத்தம் தொல்லை தராமல் இருப்பதற்காக வைத்தது. "உங்க ஸ்ருதிப் பெட்டியும் அப்படித்தானே மேடம், நிக்காம ஒரே மாதிரி வருது?" என்றார். நாங்கள் எல்லோரும் எதன் மேல் உட்கார்ந்து பாடுகிறோமோ அந்தத் தம்புரா ஒலியை அவள் கருவி குப்பை என்று ஒதுக்கிக்கொண்டிருந்திருக்கலாம். இசை கேட்பதற்கென்று அந்தத் தணிப்பு இல்லாத ஒரு அமைப்பை அவர் தனியாகப் போட்டுக்கொடுத்தார்.

மூன்றாவது, கூடத்தைப் பற்றி. தகரக் கூரை, சிமென்ட் தரை, வெற்றுச் சுவர், எல்லாம் எதிரொலிக்கும். எதிரொலியில் இம்ப்ளான்ட் வழியாகக் கேட்பவர்களுக்குப் பேச்சு கரைந்துவிடும் என்றார்.

எடுத்த முடிவுகள், அதற்கான காரணங்கள்

முதலில் படங்களைக் கழற்றினேன். ஸ்வரச் சைகையை நிறுத்தினேன், போனை எடுத்துவிட்டேன். ஒரு நேரத்தில் பார்க்க ஒரே ஒரு இடம் என்று விதி வைத்துக்கொண்டோம். எதையாவது காட்டினால் அப்போது பேசுவதில்லை. காட்டி முடித்து, அவள் கண் என் முகத்துக்குத் திரும்பி வந்த பிறகுதான் பேச்சு. கரும்பலகையில் எழுதிக்கொண்டே முதுகைக் காட்டிப் பேசும் பழக்கத்தை விட எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

சுவரில் பழைய போர்வைகளையும் கோணிகளையும் கட்டினோம். பார்க்க அழகாக இல்லை. ஆனால் கூடத்தில் பேச்சு தெளிவானது எல்லோருக்குமே தெரிந்தது. தகரத்தில் மழை விழும் நாளில் மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை, அன்றைக்குப் பாட்டை நிறுத்திவிட்டுத் தாளம் மட்டும் போட்டோம்.

மீதியை எதன் வழியாகக் கொடுப்பது? ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எவலின் க்ளென்னி என்ற தாள வாத்தியக் கலைஞர் 12 வயதுக்குள் கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தவர். பள்ளியில் அவருடைய ஆசிரியர் பெரிய முரசை அடிக்கும்போது அவர் சுவரில் கையை வைத்து அதிர்வைப் பிடித்துப் பழகினார், மேடையில் இன்றும் வெறுங்காலோடுதான் வாசிப்பார். இதைச் சாரிடம் சொன்னேன். சார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சிமென்ட் தரையில ஒண்ணும் வராதும்மா. மரம் வேணும்" என்றார்.

அடுத்த ஞாயிறு அவர் வீட்டிலிருந்து பழைய ஊஞ்சல் பலகை ஒன்று வந்தது. தேக்கு, ஆறடிக்கு மேல் நீளம், நான்கு மூலையிலும் பித்தளை வளையம் அப்படியே இருந்தது. முதலில் சாக்கு மடித்துப் போட்டு அதன் மேல் வைத்தோம், சாக்கு அதிர்வைக் குடித்துவிட்டது. அப்புறம் இரண்டு முனையிலும் மரக்கட்டை கொடுத்துத் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் நிறுத்தினோம். ஒரு முனையில் சார் மிருதங்கத்தோடு உட்கார்ந்தார். மறுமுனையில் அவளை உட்காரச் சொன்னேன். சார் தொப்பியில் (மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் இடது முகம்) ஒரு 'தொம்' போட்டார். அவள் சட்டென்று இரண்டு கையையும் பலகையில் ஊன்றிக்கொண்டு கீழே பார்த்தாள், பலகைக்கு அடியில் ஏதோ ஓடுவது போல. "சார், இங்க வந்துச்சு" என்று தொடையைத் தொட்டுக் காட்டினாள். வலந்தலையில் (வலது முகம்) 'நம்' விழுந்தபோது உள்ளங்கையை மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது சின்னது" என்றாள். பிறகு சாருக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொல்லி, தொப்பிக்கு இடது கையும் வலந்தலைக்கு வலது கையும் தூக்கச் சொன்னோம். ஒன்றிரண்டு தவிர எல்லாம் சரி.

தோல் எதையெல்லாம் பிடிக்கும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதிர்வை நம் தோல் 1,000 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு அத்தனை அதிர்வு) வரை உணரும், 250ஐ ஒட்டி மிக நன்றாக உணரும். நாங்கள் பாடும் ஐந்தரைக் கட்டை ஸ்ருதியில் ச ஏறத்தாழ 208, மேல் ச 415. ஆக ச முதல் மேல் ச வரை ஒரு ஸ்தாயி முழுவதும் தோலுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஒரு பலூனை ஊதி இரண்டு கைக்கும் நடுவே முகத்துக்கு அருகில் பிடித்துக்கொண்டால், எதிரே ஒருவர் பாடுவது கையில் குறுகுறுவென்று வரும். பாட்டு எங்கே தொடங்குகிறது, எங்கே மூச்சு விடுகிறோம், எங்கே நீட்டி நிறுத்துகிறோம் என்பதெல்லாம் அவளுக்குப் பலூனில் தெரிந்தது. ஆனால் அடுத்தடுத்த ஸ்வரங்களைப் பிரித்தறியத் தோலுக்கும் நுணுக்கம் போதாது. ச, ப, மேல் ச என்று தள்ளித் தள்ளிப் பாடினால் ஓரளவு சொல்வாள்.

கடமும் கொண்டுவந்தோம். கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்து வாசிப்பதுதான் முறை என்பதால், வாசிப்பவருக்கு அடி ஒவ்வொன்றும் வயிற்றிலேயே விழும். அவளுக்கு இது மிகவும் பிடித்தது. மானாமதுரைக் கடம் கனம் அதிகம், மடியில் தனியாக வைத்துக்கொள்ள முடியாமல் அக்காதான் பிடித்துக்கொள்வாள்.

இத்தனைக்கும் நடுவில், வெகு நாளாகக் கையிலேயே இருந்த ஒன்றை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ஆதி தாளத்தில் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு (உள்ளங்கையைத் திருப்புவது), தட்டு வீச்சு. சரளி வரிசையின் முதல் வரிசையை முதல் காலத்தில், அதாவது எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரமாகப் பாடினால் ச தட்டில் விழும், ரி சுண்டுவிரலில், க மோதிரவிரலில், ம நடுவிரலில். க எங்கே வரும் என்று காட்ட மஞ்சள் நிறமே தேவையில்லை, மோதிரவிரல் போதும். அதைப் பார்க்கவும் வேண்டாம், தன் கையில் தானே தொட்டு உணரலாம். தாளம் போடு, தாளம் போடு என்று 15 வருடமாக ஒழுக்கத்துக்காகப் பிள்ளைகளை அதட்டியிருக்கிறேன். இவள் அதைப் பாட்டின் வரைபடமாகவே எடுத்துக்கொண்டாள், இரண்டே வாரத்தில் மற்றவர்களைப் பார்த்துச் செய்வதை நிறுத்தினாள்.

புளியங்கொட்டை

செப்டம்பரில் சார் கோபுச்ச யதி என்ற தாளச் சொல் அமைப்பைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பசுவின் வால் போல மேலே அகன்று கீழே குறுகிக்கொண்டே வருவது, பெயரிலேயே படம் இருக்கிறது. ஏழில் தொடங்கினோம்: தகிடதகதிமி, தகதிமிதக, தகதகிட, தகதிமி, தகிட, தக, தா. கூட்டினால் 28. முன்னால் ஒரு தகதிமி சேர்த்தால் 32, எண்ணிக்கைக்கு நான்கு வீதம் ஆதி தாளத்தில் சரியாக ஒரு ஆவர்த்தனம், ஒரு முழுச் சுற்று.

பலகை மேல் புளியங்கொட்டையை ஏழு, ஆறு, ஐந்து என்று வரிசையாக அடுக்கினோம். ஒவ்வொரு கொட்டையாகத் தொட்டுக்கொண்டே சொல்ல வேண்டும். நிறம் பார்க்க வராத பையனுக்கும் இது சுலபமாக வந்தது. மறுவாரம் நான் வருவதற்கு முன்பே அவள் கொட்டைகளைப் பரப்பி வைத்திருந்தாள், ஒன்றிலிருந்து ஏழு வரை, தலைகீழாக. "இப்படியும் வரும்ல?" என்றாள். வரும், அதற்கு ஸ்ரோதோவக யதி என்று பெயர், நதி போகப் போக விரிவது போல விரிந்துகொண்டே போவது என்று சார் சொன்னார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளாகப் போட்டது அது.

மற்ற பிள்ளைகள், பெற்றோர்கள்

பலகையில் உட்கார எல்லோருக்கும் ஆசை. ஐந்து பேர்தான் உட்காரலாம், அதனால் முறை வைத்தோம். எப்போதும் பாட்டின் வேகத்தைக் கூட்டிவிடும் பெரிய பெண் ஒருத்தி பலகைக்கு வந்தபின் நிதானப்பட்டாள், மிருதங்கம் உடம்பில் விழும்போது முந்திக்கொண்டு போக முடியவில்லை என்று அவளே சொன்னாள்.

எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. அலங்காரம் முடித்த ஒரு பெண்ணின் அப்பா, "ஒரு பிள்ளைக்காக மத்த பிள்ளைங்கள நிறுத்தி வச்சிருக்கீங்க" என்றார். அதில் உண்மை இருந்தது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் புதுப் பாடம் எதுவும் எடுக்கவில்லை. அதன் பிறகு முதல் அரை மணி எல்லோரும் சேர்ந்து தாளமும் சொல்லும், அடுத்த அரை மணி தனித்தனிக் குழுவாகப் பாட்டு என்று பிரித்தேன். அதற்குள் அந்தப் பெண் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டாள். நன்றாகப் பாடும் பெண், இன்னும் அவளை நினைத்துக்கொள்கிறேன்.

நவம்பரில் ஒரு நாள் வகுப்பு நடுவில் சிறுமியின் கருவியில் பேட்டரி தீர்ந்துவிட்டது, மாற்று இல்லை. முன்பெல்லாம் அப்படி ஆனால் அக்கா அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவாள். அன்றைக்கு அவளே பலகையில் போய் உட்கார்ந்து, மீதி 20 நிமிடமும் தாளம் போட்டு முடித்தாள்.

அடுத்த நவராத்திரி

2023 நவராத்திரியில் கூடத்தில் கொலு வைத்தோம். பிள்ளைகள் பாடினார்கள், நடுவில் அவளும் நிறம் பார்க்க வராத பையனும் இன்னும் இரண்டு பேரும் கோபுச்சமும் ஸ்ரோதோவகமும் சேர்த்துச் சொன்னார்கள், ஊஞ்சல் பலகையிலேயே உட்கார்ந்து. கூட்டச் சத்தத்தில் சொல்லின் மூன்றாவது வரியில் ஒரு பிள்ளை தவறவிட்டாள். இவள் தட்டை விடாமல் போட்டுக்கொண்டே அந்தப் பிள்ளை பக்கம் திரும்பிக் கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள், அந்தப் பிள்ளை சேர்ந்துகொண்டாள், நான்கு பேரும் ஒன்றாகச் சமத்தில், தாளத்தின் முதல் தட்டில், வந்து விழுந்தார்கள்.

அவளுக்கு ஸ்ருதி வரவில்லை. ஒன்றரை வருடத்தில் சவும் பவும் மட்டும் சில நாள் சேரும், சில நாள் சேராது. எல்லோர் முன்னாலும் அவள் ஸ்ருதியைத் திருத்துவதை நான் முதல் ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டேன். 2024 ஜனவரியில், பாட்டு வேண்டாம், சாரிடம் மிருதங்கம் போகிறேன் என்று அவளே சொன்னாள். போகிறாள். விரல் இன்னும் பழக வேண்டும், கணக்கு நன்றாக வருகிறது என்கிறார் சார்.

இன்னொரு முறை என்றால் மாற்றுவது

சேரும் வாரமே ஆடியாலஜிஸ்டிடம் பேசுவேன். கருவியில் என்ன தணிக்கப்படுகிறது, இசைக்குத் தனி அமைப்பு உண்டா, இந்த இரண்டு கேள்வியும் ஆறு வாரத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

நிறத்தை மட்டும் நம்பி எதையும் வரைய மாட்டேன். இப்போது ஸ்வரத்துக்கு நிறத்தோடு வடிவமும் உண்டு, ச வட்டம், ப சதுரம். படம் பாடும் நேரத்தில் சுவரில் இருக்காது, தேவைப்படும்போது எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே வைத்துவிடுவேன்.

பிள்ளையிடம் முதலில் கேட்பேன். என்னென்ன கருவி வாங்கலாம் என்று ஒரு வாரம் தேடினேன், எங்கே உட்கார்ந்தால் உனக்குத் தோதாக இருக்கும் என்று அவளை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வேகத்தைக் குறைப்பதற்கு முன்பே மற்ற பெற்றோர்களையும் கூப்பிட்டுப் பேசியிருப்பேன்.

இந்த ஜூனில் பார்வை மிகவும் குறைந்த ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். படம் எதுவும் அவனுக்கு உதவாது, பலகையும் புளியங்கொட்டையும் உதவுகின்றன. எங்கே உட்காருகிறாய் என்று கேட்டோம். பலகையைக் கையால் தடவிக்கொண்டே போய், பித்தளை வளையம் இருக்கும் மூலையைப் பிடித்துக்கொண்டான், தொம் விழும்போது அது லேசாகக் கிணுகிணுக்கும். நான் தாளம் போடுவதை அவனால் பார்க்க முடியாது என்பதால் என் கை மேல் அவன் கையை வைத்துக்கொண்டு போடுகிறோம். தட்டும் வீச்சும் நன்றாகப் பிடிபடுகின்றன, விரல் எண்ணும் இடத்தில் அவன் கை நழுவிவிடுகிறது. அதற்கு இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.